மாலதிக்குச் சொல்லாமல் விட்டது

மாலதி வேலைக்கு வந்து சேர்ந்த அன்று எங்கள் அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். ஆலோசனைக் குழுவின் தலைவர். குழுவில் தட்டச்சும் எழுத்து வேலையும் பார்த்த நான். நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து போட்ட ஸ்டோர்கீப்பர் கலியபெருமாள். அந்த நாற்காலியில் உட்கார்ந்த மாலதி. வேறு யாரும் இல்லை. நான்கு பேரில் மூன்று பேருக்கு ஒரு விஷயம் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு மட்டும் தெரியாது. மூவரில் ஒருவரும் அதை அன்று வாயைத் திறந்து சொல்லவில்லை.

சொல்ல வேண்டிய பொறுப்பு என்னுடையது.

குழுவில் புதிதாகச் சேருகிறவர்களை எப்படி வரவேற்பது என்று ஒரு பக்கம் எழுதித் தரும்படி, இப்போது குழுவை நடத்துகிற நீங்கள் கேட்டிருந்தீர்கள். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். பெரிய படிப்புப் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு நான் என்னத்தை எழுதுவது என்று மூன்று நாள் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். இதை எழுதினால் யாருக்காவது மனம் புண்படுமோ, எழுதாவிட்டால் கேட்டதற்கு மரியாதை இல்லாமல் போகுமோ என்று இரண்டு பக்கமும் கவலை. எனக்கு எப்போதுமே அப்படித்தான். கடைசியில், நான் ஒழுங்காகச் செய்த வரவேற்புகளை விட்டுவிட்டு, கெடுத்த ஒன்றை மட்டும் எழுதலாம் என்று முடிவு செய்தேன்.

எண்பதுகளின் தொடக்கம். நெய்வேலியில் சுரங்கத்துக்கு அடியில் தண்ணீர் அழுத்தத்தோடு நிற்கிறது என்பதும், அதை ராத்திரி பகலாக இறைத்துக்கொண்டே இருந்தால்தான் கீழே பழுப்பு நிலக்கரி வெட்ட முடியும் என்பதும் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அப்படி இறைக்கிற பம்புகளில் சிலவற்றைப் பழுது பார்க்கும் கான்ட்ராக்ட் ஒரு தனியார் கம்பெனியிடம் இருந்தது. பெயர் வேண்டாம். டவுன்ஷிப்புக்கு வெளியே, வடலூர் போகிற சாலையில் அவர்களுக்கு ஒரு ஷெட்டும் ஸ்டோர்ஸும் உண்டு. ஸ்டோர்ஸில் இருக்கிற ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு எண் கொடுத்து, அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருவதற்கு எங்கள் குழுவை அமர்த்தியிருந்தார்கள். கம்ப்யூட்டரை நான் அதுவரை கண்ணால் பார்த்ததில்லை. அது மெட்ராஸில் இருந்தது. நெய்வேலியில் எங்களிடம் இருந்ததெல்லாம் கட்டம் போட்ட காகிதம், ஒரு தட்டச்சு இயந்திரம், ஷெட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கூரை அறை.

நான் அந்த அறைக்குப் போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. ஏழு மாதத்தில் சாமான்களை விட மனிதர்களை நன்றாகத் தெரிந்துகொண்டேன். அந்த விஷயமும் அப்படித்தான் தெரிந்தது.

விஷயம் இதுதான். ஒரு பம்பைப் பிரித்தால், சுழலும் தண்டைத் தாங்குகிற பழைய பேரிங், தண்டுக்கு உறையாக மாட்டுகிற ஸ்லீவ் எல்லாம் ஸ்டோர்ஸுக்குத் திரும்பி வரும். கம்பெனிப் புத்தகத்தில் இரண்டே வகைதான் உண்டு. ஒன்று புதுசு, இன்னொன்று கழிவு. கழிவு என்று எழுதினால் ஏலத்துக்குப் போய்விடும். ஆனால் திரும்பி வருவதில் பாதி, கழுவித் துடைத்தால் இன்னும் ஆறு மாதம் ஓடும். கலியபெருமாளும் ஃபிட்டர்களும் அப்படிப்பட்டவற்றைப் பொறுக்கி, எண்ணெய் போட்டு, கடைசி ரேக்கின் அடித்தட்டில் சாக்கு போட்டு மூடி வைப்பார்கள். அதற்குக் கீழ் ஸ்டாக் என்று பெயர். எந்தப் புத்தகத்திலும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பம்பு நின்றால், புது பேரிங் எடுக்க மூன்று கையெழுத்து வேண்டும். கையெழுத்துப் போடுகிறவர்களில் ஒருவர் பண்ருட்டியில் மாமனார் வீட்டில் இருப்பார். அப்போது சாக்கைத் தூக்கி எடுத்துக் கொடுப்பது கலியபெருமாள்தான். ஷெட்டின் சூப்பர்வைசருக்குத் தெரியும், ஃபிட்டர்களுக்குத் தெரியும், எங்கள் தலைவருக்கும் எனக்கும் தெரியும். தெரியும் என்று யாரும் சொல்லிக்கொள்வதில்லை.

கலியபெருமாள் சுற்று வட்டாரத்து ஆள். நிலம் வைத்திருந்தவர்களுக்குச் சுரங்கம் வந்தபோது ஏதோ கொஞ்சம் பணமாவது கிடைத்தது. அந்த நிலத்தில் நாற்று நட்டுப் பிழைத்தவர்களுக்கு ஒன்றும் இல்லை. அவருடைய குடும்பம் இரண்டாவது வகை. அந்தக் கம்பெனியில் பதினொரு வருடம் கான்ட்ராக்டிலேயே ஓட்டியவர். அந்த மாதம்தான் பர்மனென்ட் ஆக்கப் போகிறவர்களின் பட்டியல் ஒன்று தயாராகி, மெட்ராஸிலிருந்து மேனேஜர் வந்து கையெழுத்திடக் காத்திருந்தது. நகல் ஒன்று எங்கள் அறைக்கும் வந்தது. கலியபெருமாள் வந்து, அதில் தன் பெயரைப் படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

இந்த நிலையில்தான் மாலதி வந்தார். கோயம்புத்தூர்ப் பக்கம். பொறியியல் முடித்து, மேலே நிர்வாகப் படிப்பும் படித்தவர். வயது இருபத்து நான்கு. ஒரு பெண் ஆலோசகர் எங்கள் குழுவுக்கு வருவது அதுதான் முதல் தடவை. தலைவர் அன்று சாயங்காலமே வேறு வேலையாக மெட்ராஸுக்குப் பத்து நாள் போகிறார். கிளம்பும்போது என்னிடம் தனியாகச் சொன்னார்: “அந்தக் கீழ் ஸ்டாக் விஷயத்தை நேரம் பாத்துப் பக்குவமா அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடு, சரோஜா. அது நம்ம அறிக்கையில எப்படி வரணும்னு நான் திரும்பி வந்து முடிவு பண்றேன்.”

சரி என்றேன்.

மாலதியை வரவேற்பதற்கு நான் ஒரு வாரம் முன்பிருந்தே நோட்டில் குறித்து வைத்திருந்தேன். இருபத்திரண்டு குறிப்புகள். தங்குவதற்கு ஒரு குவார்ட்டர்ஸில் பின்கட்டு அறை பேசி முடித்தாயிற்று. குழாயில் தண்ணீர் வரும் நேரம், வாளி, கொசுவலை, ஷிப்ட் முடியும் நேரத்தில் பஸ்ஸில் ஏறக் கூடாது என்பது, கேட் பாஸ், எந்த ஓட்டலில் சாம்பாரில் இனிப்பு போடுவார்கள், பெண்களுக்கான கழிப்பறை ஷெட்டில் இல்லாததால் எந்த வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன் என்பது வரை எழுதியிருந்தேன். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்தேன். மாலதி சிரித்துக்கொண்டே, “எங்கம்மாகூட இத்தனை சொல்லி அனுப்பலைங்க்கா” என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

கீழ் ஸ்டாக் அந்தக் குறிப்புகளில் இல்லை. அதை எழுதி வைக்கப் பயம். வாயால் சொல்லலாம் என்று திங்கட்கிழமை நினைத்தேன். வந்த அன்றே சொன்னால் நம்மை என்ன கூட்டம் என்று நினைப்பாரோ என்று விட்டேன். செவ்வாய்க்கிழமை, சொன்னால் எழுதிவிடுவாரோ என்று விட்டேன். சாமான் எண்ணும் வேலை அடுத்த வாரம்தானே, அதற்குள் தலைவரே வந்துவிட்டால் நல்லது என்று மனதுக்குள் ஒரு கணக்கு. நான் அப்போது இதைப் பயம் என்று நினைக்கவில்லை. பக்குவம் என்றுதான் நினைத்தேன்.

புதன்கிழமை மத்தியானம் நான் கேட் பாஸ் புதுப்பிக்கப் போயிருந்தேன். பட்டியலை வெறும் காகிதமாகப் பார்த்துப் பார்த்து மாலதிக்குச் சலித்துவிட்டது. சும்மா ஒரு மாதிரிக்கு எண்ணிப் பார்க்கலாம் என்று தனியாக ஸ்டோர்ஸுக்குள் போயிருக்கிறார். கலியபெருமாள் சாப்பிடப் போயிருந்த நேரம். கடைசி ரேக், அடித்தட்டு, சாக்கு.

நான் திரும்பி வந்தபோது மாலதி என் மேஜைமேல் ஒரு தாளை வைத்துவிட்டு, நாளைக்குக் காலையில் கொடுக்க வேண்டும், டைப் அடித்துவிடுங்கள் என்று சொல்லி வெளியே கை கழுவப் போனார். எங்கள் தலைமை அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. கணக்கில் முறைகேடு எதைக் கண்டாலும் மூன்று நாளுக்குள் வாடிக்கையாளருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதற்கென்று ஒரு படிவம். மாலதி அதை அச்சுப் பிசகாமல் நிரப்பியிருந்தார். ஆங்கிலத்தில் எனக்குப் பாதி வார்த்தைக்குப் பொருள் தெரியாது. எழுத்தைப் பார்த்து விரல் அடித்துவிடும். ஆனால் அந்தத் தாளில் எனக்குத் தெரிய வேண்டியது தெரிந்தது. கணக்கில் வராத பேரிங், ஸ்லீவ் முப்பத்து நான்கு. கடைசிக் கட்டத்தில், பொறுப்பானவர் என்ற இடத்தில், கலியபெருமாள்.

சனிக்கிழமை மேனேஜர் வருகிறார், பட்டியலில் கையெழுத்திட.

அப்போது நான் செய்ததை இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. தட்டச்சு இயந்திரத்துக்குள், மை நாடா தவிர, காகித உருளையை இழுக்கிற நாடா ஒன்று இருக்கும். அதைக் கொக்கியிலிருந்து கழற்றிவிட்டால் அடிக்க அடிக்கக் காகிதம் நகராது. கழற்றினேன். மாலதி வந்ததும், மிஷின் ரிப்பேர், கடலூருக்கு அனுப்பித்தான் சரி செய்ய வேண்டும், நாலு நாள் ஆகும் என்றேன்.

அவர் பொறியியல் படித்தவர் என்பது எனக்கு அந்த நிமிஷம் நினைவுக்கு வரவில்லை.

மாலதி குனிந்து இயந்திரத்தின் அடியில் பார்த்தார். ஹேர்பின் ஒன்றை எடுத்து, நாடாவை இழுத்துக் கொக்கியில் மாட்டினார். ஒரு தடவை தட்டிப் பார்த்தார். நகர்ந்தது. என்னைப் பார்க்காமல், “இது தானா கழண்டுக்காதுங்களே அக்கா” என்றார்.

பொய் சொல்ல எனக்கு அவ்வளவுதான் திறமை. எல்லாவற்றையும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை பம்பு நிற்பது, மூன்று கையெழுத்து, சாக்கு, பதினொரு வருடம், பட்டியல், தலைவர் என்னிடம் சொல்லிவிட்டுப் போனது. சொல்லிக்கொண்டே அழுதுவிட்டேன். மாலதி அழுகையைக் கவனிக்கவே இல்லை. அவருக்குக் கோபம்.

“தண்ணி எத்தனை மணிக்கு வரும்னு சொன்னீங்க. சாம்பார்ல வெல்லம் போடுவாங்கன்னு சொன்னீங்க. இதைச் சொல்லலையே அக்கா.”

அந்தப் பெயரை மட்டும் எடுத்துவிடும்படி கெஞ்சினேன். எண்ணிக்கை இருக்கட்டும், கடைசிக் கட்டத்தைக் காலியாக விடலாமே என்றேன்.

“காலியா விட்டா அந்தக் கட்டத்துல யார் பேரையும் யாரும் எழுதிக்கலாம். நாளைக்கு வேற ஒருத்தர் வந்து எண்ணுவார். அப்ப எடுத்துச் சொல்றதுக்கு நீங்களும் இருக்க மாட்டீங்க, நானும் இருக்க மாட்டேன். பதுக்கி வெச்சதுன்னு ஒரே வார்த்தையில முடிச்சிருவாங்க.”

பிறகு அவர் தாளைக் கிழிக்கவும் இல்லை, டைப் அடிக்கவும் இல்லை. மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை என்று எழுதத் தேவையில்லை.

வியாழக்கிழமை காலை போஸ்ட் ஆபீசில் போய் மெட்ராஸுக்கு ட்ரங்க் கால் பதிவு செய்தேன். லைன் கிடைத்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. மூன்று நிமிஷத்தில் இரண்டு நிமிஷம் ‘கேக்குதா, கேக்குதா’ என்பதிலேயே போனது. தலைவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். நடந்ததைக் கேட்டுவிட்டு அவர், “அந்தப் பொண்ணு எழுதினதை மாத்தச் சொல்லாத. நீ சொல்லாம விட்டதை நீ எழுது” என்றார். நான் எழுதினால் என் வேலை போய்விடுமா என்று கேட்டேன். அதற்குள் லைன் கட்டாகிவிட்டது. அவருக்கு என் கேள்வி கேட்டதா இல்லையா என்று நான் அவரிடம் பிறகும் கேட்டதில்லை.

திரும்பி வந்தால் மாலதி ஸ்டோர்ஸில் நின்றுகொண்டிருக்கிறார். எதிரில் கலியபெருமாள். மாலதி அவரிடம் நேராகவே சொல்லிவிட்டார், இப்படி எண்ணினேன், இப்படி எழுதியிருக்கிறேன் என்று. கலியபெருமாள் சத்தமே போடாத மனிதர். அன்றைக்கும் சத்தம் போடவில்லை.

“யாரைக் கேட்டுகினு சாக்கைத் தூக்கினீங்க?” என்று மட்டும் கேட்டார். மாலதி, கேட்டிருக்க வேண்டும், தப்புதான் என்றார். கலியபெருமாள் என் பக்கம் திரும்பினார்.

“அவங்க புதுசு. நீ தெரிஞ்சிகினுதானே இருந்த, சரோசாம்மா? ஒரு வார்த்தை அவங்ககிட்ட சொல்லியிருந்தா நான் பாட்டுக்கு வூட்டுல சோறு தின்னுகினு இருந்திருப்பனா?”



மாலதி அவரிடம், கீழ் ஸ்டாக்கிலிருந்து எடுத்துக் கொடுத்ததற்கு ஏதாவது அடையாளம் உண்டா, எழுதி வைத்தது உண்டா என்று கேட்டார். எழுதினால் அது புத்தகம் ஆகிவிடுமே என்றார் அவர். பிறகு எதையோ யோசித்துவிட்டு, ரேக்கைக் கொஞ்சம் முன்னால் இழுத்தார். பின் சுவரில் கரியால் கோடுகள். ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் ஒரு பம்பு எண். பத்தொன்பது கோடு.

“நாளைக்கு எவனாவது திருடன்னு சொல்லிடக் கூடாதுன்னு போட்டு வச்சதுங்க. யார்கிட்டயும் காட்டினது இல்ல.”

வியாழக்கிழமை மத்தியானத்திலிருந்து வெள்ளிக்கிழமை இருட்டும் வரை நாங்கள் செய்தது ஒரே வேலை. பம்பு பழுது பார்த்த குறிப்பேட்டை ஷெட்டிலிருந்து கேட்டு வாங்கி, சுவரில் இருந்த ஒவ்வொரு கோட்டுக்கும் அதில் ஈடு தேடினோம். பேரிங் மாற்றியதாகக் குறிப்பேடு சொல்லும். ஆனால் ஸ்டோர்ஸில் அந்த நாளுக்குச் சாமான் கொடுத்த சீட்டு இருக்காது. அப்படி இருந்தால் அது கீழ் ஸ்டாக்கிலிருந்து போனது. ஒவ்வொன்றாகப் பொருந்தப் பொருந்த எனக்கு மூச்சு வந்தது. பதினேழு பொருந்தின. இரண்டு பொருந்தவில்லை.

அந்த இரண்டும் என்னைப் பிடித்துக்கொண்டன. மேலும் கீழும் நான்கு தடவை தேடினேன். பதினேழு என்று மட்டும் சொன்னால் என்ன, சுவரில் இரண்டு கோட்டை ஈரத்துணியால் துடைத்தால் போய்விடுமே என்று என் மனம் ஓடியதை மறைக்கவில்லை. மாலதி நான் சுவரைப் பார்த்த பார்வையிலேயே கண்டுபிடித்துவிட்டார் போல. “ரெண்டு பொருந்தலைன்னே எழுதலாங்க்கா. எல்லாம் பொருந்திச்சுன்னா நாம உட்கார்ந்து போட்ட கோடுன்னு நெனப்பாங்க” என்றார். பதினொரு வருட அனுபவம் உள்ளவர் பேசுவது போல இருந்தது. அவர் வேலைக்குச் சேர்ந்து ஐந்தாவது நாள் அது.

அவர் தன் தாளை அப்படியே வைத்துக்கொண்டு, அதன்கூட, பொருந்திய பதினேழையும் பொருந்தாத இரண்டையும் எழுதி இரண்டாவது பக்கம் ஒன்று சேர்த்தார். புதுசு, கழிவு என்ற இரண்டு வகையோடு, பழுது பார்த்து எடுத்தது என்று மூன்றாவது வகை ஒன்று வேண்டும், அது இல்லாததால்தான் இந்தச் சரக்கு புத்தகத்துக்கு வெளியே நிற்கிறது என்று அதில் இருந்தது. மூன்றாவது பக்கம் என்னுடையது. ஆங்கிலத்தில் எனக்கு எழுத வராது. தமிழில் கையாலேயே எழுதினேன். இந்தச் சரக்கு இருப்பது எனக்கு ஏழு மாதமாகத் தெரியும், புதிதாக வந்தவரிடம் சொல்லும்படி எனக்குச் சொல்லப்பட்டிருந்தது, நான் சொல்லவில்லை. அவ்வளவுதான். கையெழுத்துப் போடும்போது பேனா மை கொட்டி, இன்னொரு தாளில் எழுத வேண்டியதாயிற்று.

இரண்டாவது பக்கத்தில் இருப்பது உண்மைதான் என்று சூப்பர்வைசரிடம் கையெழுத்து வாங்க வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனோம். கீழ் ஸ்டாக்கால் அதிகம் பிழைத்தவர் அவர்தான். எத்தனை ஞாயிற்றுக்கிழமை அவருடைய மானத்தை அந்தச் சாக்கு காப்பாற்றியிருக்கிறது. அவர் தாளைத் தொடக்கூட இல்லை. அப்படி ஒரு சரக்கு இருப்பதே தனக்குத் தெரியாது என்றார்.

சனிக்கிழமை பத்து மணிக்கு மேனேஜரின் கார் வந்தது. எங்கள் அறையிலேயே உட்கார்ந்தார். சூப்பர்வைசர் பக்கத்தில் நின்றார். கலியபெருமாள் வாசலுக்கு வெளியே வெயிலில் நின்றார்; உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. மாலதி மூன்று பக்கத்தையும் மேனேஜர்முன் வைத்தார். மேனேஜர் முதல் பக்கத்தை வேகமாகப் படித்தார். இரண்டாவது பக்கம் மெதுவாகப் படித்தார். மூன்றாவதைப் படித்துவிட்டு, நிமிர்ந்து, சரோஜா யார் என்று கேட்டார். நான் எழுந்து நின்றேன்.

“ஏழு மாசமா தெரியும்னு எழுதியிருக்கீங்க. எங்க கணக்குல என்ன ஓட்டைன்னு கண்டுபிடிச்சுச் சொல்லத்தான் உங்களக் கூப்பிட்டது. அந்த ஏழு மாசத்துக்கு நாங்க எதுக்கும்மா ஃபீஸ் குடுத்தோம்?”

நியாயமான கேள்வி. தப்பு என்னுடையது, மேடத்துடையதும் இல்லை, வெளியே நிற்கிறவருடையதும் இல்லை என்றேன்.

மேனேஜர் சூப்பர்வைசரைப் பார்த்தார். அவர், சார், எனக்கு இதில் சம்பந்தமே இல்லை என்று ஆரம்பித்தார். மாலதி குறிப்பேட்டைத் திறந்து, பதினேழு இடத்தில் சொருகியிருந்த தாள் துண்டுகளில் ஒன்றைப் பிடித்துப் பக்கத்தைப் புரட்டினார். “இது உங்க இனிஷியல்தானுங்களே? அன்னிக்குச் சீட்டே போடலை. இந்த பேரிங் எங்கிருந்துங்க வந்துச்சு?”

சூப்பர்வைசர் அந்தப் பக்கத்தையே பார்த்தார். மாலதி அடுத்த துண்டுக்குப் புரட்டினார். அதற்கடுத்ததற்கும். நான்காவதில் மேனேஜர் கையைக் காட்டிப் போதும் என்றார். சூப்பர்வைசரிடம், “என்னய்யா, வானத்துலேர்ந்து விழுந்ததா?” என்று கேட்டார். சூப்பர்வைசர் மெல்ல, கலியபெருமாள் கொடுத்ததுதான் சார் என்றார். மாலதி பேனாவை நீட்டினார். சூப்பர்வைசர் வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

மேனேஜர் வெளியே பார்த்து, பொருந்தாத இரண்டைப் பற்றிக் கேட்டார். கலியபெருமாள் வாசற்படியில் நின்றபடியே, ஒன்று மாட்டும்போதே உடைந்துபோனது என்றார். இன்னொன்று?

“நெனப்பு இல்லைங்க.”

ஏதாவது ஒன்றைச் சொல்லேன் ஐயா, உன் வாழ்க்கை இது என்று உள்ளுக்குள் நான் துடித்தேன். மேனேஜர் பர்மனென்ட் பட்டியலைக் கையெழுத்திடாமலேயே பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். திங்கட்கிழமை ஒட்டப்படும் என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை எப்படிக் கழித்தேன் என்று தெரியவில்லை. மாலதி என் வீட்டுக்கு வந்தார். இரண்டு பேரும் வடலூர் சபைக்குப் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தோம். கலியபெருமாள் பேச்சை இருவருமே எடுக்கவில்லை. வரும் வழியில் மாலதி, தனக்கும் புதன்கிழமை ராத்திரி தூக்கம் வரவில்லை, முதல் வேலையிலேயே ஒருவருடைய சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டோமோ என்று இருந்தது என்றார். இந்தப் பெண் என்னை மாதிரியே பயந்திருக்கிறார், பயத்தோடுதான் இவ்வளவும் செய்தார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

திங்கட்கிழமை ஷெட்டுச் சுவரில் பட்டியல் ஒட்டினார்கள். ஒன்பது பெயர். ஏழாவது கலியபெருமாள். நான் மூன்று தடவை படித்தேன். மத்தியானம் அவர் அறைக்கு வந்தார். நன்றி எல்லாம் சொல்லவில்லை. “இனிமே எண்றதா இருந்தா முன்னாடியே சொல்லிட்டு வாங்க மேடம், நானும் கூட நின்னு எண்றேன்” என்று மாலதியிடம் சொன்னார். என்னிடம் பேச அவருக்கு இன்னும் ஒரு மாதம் ஆனது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். புதிதாக வருகிறவருக்கு அறை, தண்ணீர், பஸ் எல்லாம் சொல்லுங்கள். நான் எழுதிய இருபத்திரண்டும் தேவையானவைதான், அவற்றால் மாலதிக்குச் சௌகரியம் கிடைத்தது. ஆனால் எதைச் சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லையோ, எதற்கு நேரம் பார்த்துக்கொண்டே இருக்கிறீர்களோ, அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். அவர் என்ன நினைப்பாரோ என்று பயமாகத்தான் இருக்கும். எனக்கு இப்போதும் இருக்கிறது. பயம் போன பிறகு சொல்லலாம் என்று காத்திருந்தால் நடக்காது. சொல்லாமல் விட்டால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது. சம்பந்தமே இல்லாமல் வெயிலில் ஒருவர் நிற்பார்.

தலைவர் மெட்ராஸிலிருந்து திரும்பிய வாரம் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. மூன்றாவது வகையை ஏற்றுக்கொள்கிறோம், வேலையைத் தொடருங்கள். ஆனால் ஏழு மாதம் தெரிந்தும் தெரிவிக்காததால் அந்தக் காலத்துக் கட்டணத்தில் கடைசித் தவணையை நிறுத்தி வைக்கிறோம் என்று இருந்தது. என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள் என்று தலைவரிடம் சொன்னேன். அவர் கேட்கவில்லை. தள்ளுபடி செய்யவும் விடவில்லை. ஒவ்வொரு வருஷக் கணக்கு முடிக்கும்போதும் வர வேண்டிய பாக்கிப் பட்டியலில் அதை என் கையாலேயே எழுதச் சொன்னார். அந்தக் கம்பெனி மூடிப் பல காலம் ஆகிறது. நான் ஓய்வு பெற்ற வருஷமும் எழுதிவிட்டுத்தான் வந்தேன். மூவாயிரத்து அறுநூறு ரூபாய்.